வண்டலூரில் ‘ர்’ வந்தால்: பாட்டுக்குப் பாட்டும் தமிழின் மொழிமுதல் எழுத்துகளும்

செங்கல்பட்டு போகும் மாலை மின்ரயில் தாம்பரத்தை விட்டுப் புறப்பட்டதும் கல்லூரி மாணவர் எட்டுப் பேர் எதிரெதிர் இருக்கைகளில் அணி பிரித்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு ஆடத் தொடங்கினார்கள். மூன்றாவது பாட்டிலேயே தகராறு. பாடியவரின் பல்லவி ‘-ஆள்’ என்று முடிந்தது. “ள்-ல பாட்டே கிடையாதே” என்றது ஓரணி. “அப்போ ல-ல பாடு” என்றது மற்றது. “அதெப்படி? முடியலன்னா அதுக்கு முந்தின எழுத்துல தான் எடுக்கணும், எங்க வீட்ல அப்படித்தான்” என்று ஒரு மாணவி மறுத்தார். பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் ஒருவர் நடுவில் புகுந்து, “எங்க ஊர்ப் பக்கம் கடைசி வார்த்தையவே எடுத்துக்குவோம்பா, எழுத்தெல்லாம் பார்க்க மாட்டோம்” என்றார். பெருங்களத்தூர் வந்தது, போனது. வண்டலூரில் நான் இறங்கும்போது ‘ல’ என்று ஒத்துக்கொண்டு, ‘லாலி’ என்று தொடங்கும் தாலாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடங்களுக்குள் ஒரே சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் வந்துவிட்டன. ஒலியால் நெருங்கிய எழுத்துக்கு மாறுவது, முந்தைய எழுத்துக்குப் பின்வாங்குவது, எழுத்தை விட்டுச் சொல்லைப் பிடிப்பது. மூவருமே தங்கள் விதிதான் உண்மையான விதி என்று நம்பினார்கள். ஈற்றெழுத்தைப் பிடித்துப் பாடும் விளையாட்டில், தமிழில் ஈற்றெழுத்து ஏன் இத்தனை தகராறுக்கு இடம் தருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இருவகைப் பொதுக் கருத்துகள்

பாட்டுக்குப் பாட்டின் பிறப்பைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் புழங்குகின்றன. இது தமிழின் அந்தாதி மரபிலிருந்து இறங்கி வந்தது என்பது முதலாவது. வடக்கிலிருந்து வந்த ‘அந்தாக்ஷரி’யின் தமிழ் வடிவம் என்பது இரண்டாவது. மேடைகளில் முன்னதும், தொலைக்காட்சியைப் பற்றிய பேச்சுகளில் பின்னதும் ஆதாரம் கேட்கப்படாமலே ஏற்கப்படுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ரயிலில் நடந்த தகராறை இரண்டில் எதுவும் விளக்குவதில்லை.

அந்தாதியை முதலில் பார்க்கலாம். அந்தம் ஆதியாவது அந்தாதி. பதிற்றுப்பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய நான்காம் பத்து அந்தாதியாக அமைந்தது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. முதலாழ்வார் மூவரும் ஆளுக்கு 100 வெண்பாவாக மூன்று திருவந்தாதிகள் பாடினார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களும் ஒரே சங்கிலி. யாப்பிலக்கண நூலார் அந்தாதித் தொடையை எழுத்து, அசை, சீர், அடி என வகுத்திருக்கிறார்கள். திரைப்பாட்டிலும் இது தொடர்ந்தது. ‘மூன்று முடிச்சு’ (1976) படத்துக்காகக் கண்ணதாசன் அந்தாதியில் எழுதியது பலருக்கும் நினைவிருக்கும்.

வடிவம் ஒத்திருந்தாலும் தொழில் வேறு. அந்தாதியில் அடுத்த பாட்டை எழுதப்போகிறவரும் புலவரே. ஆகவே எந்தச் சொல்லில் முடித்தால் எதில் தொடங்க முடியும் என்பது அவர் கையில் இருக்கிறது. முடியாத இடத்தில் அவர் முடிக்கவே மாட்டார். அந்தாதியின் பயனும் வேறு: அது ஒரு பூட்டு. இடையில் ஒரு பாசுரம் விழுந்துபோனாலும் வேறொன்று புகுந்துவிட்டாலும் உடனே தெரிந்துவிடும். பாட்டுக்குப் பாட்டில் ஆடுகிறவர் எதையும் இயற்றுவதில்லை. பிறர் இயற்றி, எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட பாட்டை நினைவிலிருந்து எடுக்கிறார். அது எங்கே முடிகிறது என்பது அவர் கையில் இல்லை. வரிசையைக் காப்பதும் நோக்கமில்லை. 1960-களின் பாட்டுக்கு அடுத்து நேற்று வந்த பாட்டு, அதற்கடுத்து பக்திப்பாட்டு என்று வரிசையைக் கலைப்பதில்தான் இதன் இன்பமே இருக்கிறது.

வடக்கு வழிக் கருத்துக்கும் பழைய சான்று உண்டு. காமசூத்திரம் அடுக்கும் அறுபத்துநான்கு கலைகளில் ‘பிரதிமாலா’ ஒன்று. அதன் உரையான ஜயமங்களா, இதுவே அந்தியாக்ஷரிகை என வழங்குவது என்று விளக்குகிறது. ஒருவர் சொன்ன சுலோகத்தின் ஈற்றெழுத்தில் மற்றவர் சுலோகம் சொல்லும் போட்டி அது. தொலைக்காட்சி யுகத்தில், 1993-இல் ஜீ தொலைக்காட்சியில் அன்னு கபூர் நடத்திய ‘அந்தாக்ஷரி’ இதைத் திரைப்பாட்டு விளையாட்டாக நாடு முழுதும் கொண்டுபோனது. ஈற்றெழுத்து விதி வடமொழி, இந்தி வழக்கில் ஊறியது என்பதை மறுக்க இடமில்லை. ஆனால் ஒரு விதி ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு வரும்போது, வந்து சேரும் மொழியின் இலக்கணம் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. என் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பதினொரு நிலையங்கள்

திரைப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, எங்கள் ரயில் பாதையையே எடுத்துக்கொள்வோம். தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரை பல காலமாக இருந்துவரும் நிலையங்கள் பதினொன்று: தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கபெருமாள் கோயில், பரனூர், செங்கல்பட்டு. இந்தப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஈற்றெழுத்து விளையாட்டை ஆடிப் பாருங்கள்.

வண்டலூர் என்றால் ‘ர்’. ரகரத்தில் தொடங்கும் நிலையம் இல்லை. பெருங்களத்தூர், காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், பரனூர் எல்லாம் இதே கதி. கூடுவாஞ்சேரிக்கும் பொத்தேரிக்கும் ‘ரி’. சிங்கபெருமாள் கோயிலுக்கு ‘ல்’. செங்கல்பட்டுக்கு ‘டு’. பதினொன்றில் ஒன்பது நிலையங்கள் அடுத்த ஊருக்கு வழிவிடுவதில்லை. தாம்பரமும் ஊரப்பாக்கமும் மட்டும் மகரத்தில் முடிந்து, மறைமலை நகருக்குக் கொண்டுபோய்விடும். அங்கே ‘ர்’. ஆட்டம் முடிந்தது. எந்த ஊரில் தொடங்கினாலும் ஒரு தாவலுக்கு மேல் போக முடியாது.

இவை தற்செயலாக அமைந்த பெயர்கள் என்று தள்ளிவிட முடியாது. ‘ஊர்’ என்னும் ஈறு தமிழ்நாடெங்கும் இருக்கிறது. அது ரகரமெய்யில் முடிகிறது. தமிழ்ச் சொல் எதுவும் ரகரத்தில் தொடங்குவதில்லை. இந்தச் சிறு பட்டியலில் தெரிவது மொழியின் அமைப்பே.

இலக்கண நூல்கள் இதைத் துல்லியமாகச் சொல்லியிருக்கின்றன. நன்னூலின்படி சொல்லின் முதலில் வரக்கூடிய எழுத்துகள் 103: உயிர் பன்னிரண்டு, க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறும் பன்னிரண்டு உயிரோடும் சேர்ந்து 72, வகரம் எட்டு, யகரம் ஆறு, ஞகரம் நான்கு, ஙகரம் ஒன்று. தொல்காப்பியத்தில் இந்த எண்ணிக்கை இன்னும் குறைவு. சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிரோடு அங்கே முதலாகாது. மறுபக்கம், சொல்லின் ஈற்றில் வரும் மெய்கள் ஞ், ண், ந், ம், ய், ர், ல், வ், ழ், ள், ன் எனப் பதினொன்று. இவற்றுள் ண், ர், ல், ழ், ள், ன் ஆறும் சொல்லுக்கு முதலாவதில்லை. முதலாகக்கூடிய ஐந்திலும் ஞ், ந், வ் ஈற்றில் வரும் சொற்கள் ‘உரிஞ்’, ‘வெரிந்’, ‘தெவ்’ போல வழக்கொழிந்தவை. ஆக, இன்றைய தமிழில் சொல்லை முடித்துவைக்கும் மெய்களில் அடுத்த சொல்லைத் தொடங்கிவைக்க வல்லவை மகரமும் யகரமும் மட்டுமே.

பாட்டில் இது இன்னும் இறுகுகிறது. தமிழ்த் தொடர் பெரும்பாலும் வினையில் முடியும். வினையின் கடைசியில் இடமும் பாலும் காட்டும் விகுதி நிற்கும்: -ஏன், -ஆன், -ஆள், -ஆர், -ஆய், -ஓம். காதல் பாட்டு ‘-ஏன்’ என்று முடியும், கதை சொல்லும் பாட்டு ‘-ஆன்’, ‘-ஆள்’ என்று முடியும். இந்த ஆறில் நான்கு முட்டுச்சந்து. இந்தியில் தொடரை முடிக்கும் ‘ஹை’, ‘ஹூம்’, ‘தா’ போன்றவற்றின் ஹகரமும் தகரமும் அந்த மொழியில் எண்ணற்ற சொற்களுக்கு முதலெழுத்து. அங்கே ஈற்றெழுத்து விதி இயல்பாக ஓடும். தமிழில் அது மூன்றாவது பாட்டில் முட்டி நின்றதற்கு மாணவர்களின் பாட்டறிவுக் குறை காரணமில்லை.

ஆடுவோரின் இலக்கணம்

முட்டுச்சந்தில் ஆடுவோர் செய்வதைத்தான் நான் அக்கறையோடு பார்க்கிறேன். மிகப் பரவலான தீர்வு ஒலியால் நெருங்கிய எழுத்துக்கு மாறுவதுதான்: ‘ண’, ‘ன’ வந்தால் ‘ந’, ‘ற’ வந்தால் ‘ர’, ‘ழ’, ‘ள’ வந்தால் ‘ல’. குறில் நெடில் வேறுபாட்டையும் பெரும்பாலோர் தள்ளிவிடுகிறார்கள். ‘து’ வந்தால் ‘தூ’ எடுக்கலாம். சில வீடுகளில் தகர வரிசையே திறந்துவிடும்.

யாப்பிலக்கணத்தில் மோனைக்கும் இத்தகைய இன எழுத்துகள் உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஓரினம்; இ, ஈ, எ, ஏ ஓரினம்; உ, ஊ, ஒ, ஓ ஓரினம்; சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம். ரயிலில் ஆடுகிறவர்களின் இனப் பகுப்பு இதனோடு ஒத்துப்போவதில்லை. ‘ம’வுக்கு ‘வ’ பாடினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காரணம், மோனை இனங்கள் எல்லாம் சொல்லுக்கு முதலாகக்கூடிய எழுத்துகளுக்குள் வகுக்கப்பட்டவை. ண, ன, ற, ழ, ள அந்தக் கணக்கில் வரவே தேவையில்லை. பாட்டுக்குப் பாட்டு ஈற்றையும் முதலையும் ஒட்டவைக்க வேண்டியிருப்பதால், யாப்பு நூலார் எதிர்கொள்ளாத சிக்கலை எதிர்கொள்கிறது. இந்த விதிகளை யாரும் வகுப்பில் கற்றுத்தரவில்லை. அத்தைகளும் பெரியப்பா பிள்ளைகளும் சுற்றுலா வேனில் சொல்லிக்கொடுத்தவை. எழுதப்படாத இலக்கணம் என்று இவற்றைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

‘ர’வும் ‘ல’வும் இந்தத் தீர்வில் வந்து விழும் இடங்களாக இருப்பதில் இன்னொரு செய்தி இருக்கிறது. தமிழ் இலக்கணப்படி இவையும் முதலாகா. பிறமொழிச் சொல் வந்தால் முன்னே ஓர் உயிரைச் சேர்த்து இராமன், இலட்சுமி, அரங்கன் என்றே எழுத வேண்டும். ஆனால் திரைப்பாட்டு காதுக்கானது. ராசா, ராஜா, ராத்திரி, ராகம், ரோஜா, லாலி என்று தொடங்கும் பாட்டுகள் குவிந்துகிடக்கின்றன. இலக்கணம் மூடிய வாசலைச் சினிமா திறந்துவிட்டதால்தான் ஈற்றெழுத்து விதி தமிழில் ஓரளவாவது நடக்கிறது. சினிமாவுக்கு முந்தைய பாட்டுகளை மட்டும் வைத்து இதே விளையாட்டை ஆடினால் பெரும்பாலும் முதல் ‘ர்’ரிலேயே நின்றுபோகும்.

மலையாளமும் ஜப்பானும்

கேரளத்தில் ‘அக்ஷரசுலோகம்’ என்றொரு பழைய போட்டி உண்டு. ஒருவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஈற்றெழுத்தை அவர்கள் எடுப்பதே இல்லை. மலையாளமும் தமிழைப் போலவே ன், ர், ல், ள் எனச் சொற்களை முடிக்கும் மொழி. அடியின் முதலெழுத்து ஏற்கெனவே ஒரு சொல்லின் முதலெழுத்தாக இருப்பதால் முட்டுச்சந்து எழ வாய்ப்பு மிகக் குறைவு. இந்த விதி பிறந்ததற்கு இதுவே காரணம் என்று துணிய மாட்டேன்; பாட்டின் ஈறு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் போட்டியைக் கடினமாக்கவும் அது வந்திருக்கலாம். ஆயினும் விளைவு ஒன்றே: மூட்டு ஈற்றிலிருந்து முதலுக்கு நகர்ந்திருக்கிறது.

ஜப்பானியர் ‘ஷிரிதோரி’ என்று ஒரு சொல் விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி அசையில் அடுத்தவர் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் ஒரு முட்டுச்சந்து உண்டு, ஒன்றே ஒன்று. ‘ன்’ என்ற ஒலி அங்கே சொல்லை முடிக்கும், ஆனால் தொடங்காது. அதற்கு அவர்கள் வைத்த விதி கண்டிப்பானது: ‘ன்’னில் முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார். ஆரஞ்சுப் பழத்தை ‘மிகான்’ என்று சொல்லிவிட்டால் ஆட்டம் போயிற்று. தமிழில் இந்த விதியை வைத்தால் ‘-ஏன்’ என்று முடியும் ஒவ்வொரு காதல் பாட்டும் பாடியவரைத் தோற்கடிக்கும். முட்டுச்சந்து ஒன்று என்றால் அதைத் தண்டனையாக்கலாம். ஆறு என்றால் இணக்கம்தான் வழி. இரு சமூகங்களின் குணத்தைப் பற்றிய முடிவாக இதை நீட்ட விரும்பவில்லை. எழுத்துக் கணக்கே போதுமான விளக்கம்.

ஜப்பானிய ஒப்பீடு இன்னொன்றுக்கும் உதவுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா தொகுத்த ‘நூறு கவிஞர் நூறு பாட்டு’ அங்கே சீட்டாட்டமாக ஆடப்படுகிறது. ஒருவர் பாட்டின் முற்பகுதியைப் படிப்பார். பிற்பகுதி எழுதிய சீட்டை முந்தி அடிப்பவருக்கு வெற்றி. நூறில் ஏழு பாட்டுகள் மட்டும் வேறெதற்கும் இல்லாத தொடக்க அசை உடையவை. அவற்றை ஓரசை கேட்டதும் அடித்துவிடலாம். ‘அ’வில் தொடங்குபவை பதினாறு, அவற்றுக்கு இன்னும் சில அசைகள் காத்திருக்க வேண்டும். தொடக்க அசையைப் பகிரும் பாட்டுகளைக் கூட்டம் கூட்டமாக நெஞ்சில் அடுக்கிவைப்பதே அந்த ஆட்டத்தின் பயிற்சி. நம்மிடம் எழுத்து வாரியாகப் பாட்டுகளை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு போட்டிக்குப் போனவர்கள் செய்ததும் இதுதான்.

பாட்டு எங்கே தொடங்குகிறது?

ஜப்பானிலிருந்தே இன்னொரு செய்தி. 1971-இல் கோபே நகரில் இனோவே தைசுகே கரோகே இயந்திரத்தை அமைத்தார். பின்னாளில் கரோகே கூடங்களில் பாட்டுத் தலைப்புகளை அகரவரிசையில் அடுக்கிய தடித்த புத்தகங்கள் வந்தன. ஜப்பானியர் பாட்டுகளைக் கோத்து ஷிரிதோரி ஆடும்போது தலைப்பைக் கொண்டே ஆட முடிகிறது, ஏனெனில் அங்கே பாட்டுக்குத் தலைப்பு தனி, முதல் வரி தனி. தமிழ்த் திரைப்பாட்டுக்கு அப்படித் தனித் தலைப்பு வைப்பது அரிது. பெரும்பாலும் முதல் வரியே பெயர். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் காலத்திலிருந்து இன்றைய கைப்பேசித் தேடல் வரை இதுவே நிலை.

இது சினிமாவால் வந்த பழக்கமும் அன்று. பழந்தமிழ் நூற்பதிப்புகளின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். ஓதுவாரிடம் ஒரு பதிகத்தைக் கேட்க வேண்டுமானால் அதன் முதற்சொல்லைத்தான் சொல்வோம். எதுகையும் மோனையும் அடியின் தலைப்பக்கத்தில் நிற்பவை. தமிழ்ப் பாட்டு நினைவில் தலைப்பக்கமாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. ஈற்றெழுத்து விதியால் இணைப்பு தடுமாறினாலும் தொடக்க எழுத்தைச் சொன்னதும் பாட்டு கொட்டுவதற்கு இந்தச் சேமிப்பு முறையே காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் தலைப்பக்கம் என்பது எது? இங்கே இரண்டாவது பெரிய தகராறு. தாளமின்றித் தொகையறாவில் தொடங்கும் பாட்டுகள் ஏராளம், பழைய படங்களில் குறிப்பாக. தொகையறாவின் முதலெழுத்தா, பல்லவியின் முதலெழுத்தா? நான் பார்த்தவரை மூத்தவர்கள் தொகையறாவையும் ஏற்கிறார்கள். அது அவர்களுக்குப் பாட்டின் உறுப்பு. இளையவர்கள் பல்லவியை மட்டும் ஏற்கிறார்கள். ‘லாலா’, ‘ஏலேலோ’ போன்ற அசைச்சொற்களை இரு சாராரும் கேள்விக்குள்ளாக்குகிறார்கள். ஆனால் ‘ல’ கிடைக்காமல் தவிக்கும்போது மட்டும் அவை சொல்லாகிவிடும்! விதியின் உறுதி எழுத்தின் அருமையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வானொலி நடுவர்

இத்தகைய தகராறுகளுக்கு ஒரு தீர்வு வானொலியிலிருந்து வந்தது. 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை விலக்கிவைத்தது. கேட்பவர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957-இல் விவித பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ்ச் சேவையின் பிடி நெடுங்காலம் தளரவில்லை. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இங்கே வீட்டுக் குரல்களாயின. ‘பாட்டுக்குப் பாட்டு’ என்ற பெயரை நமக்குப் பழக்கியது அப்துல் ஹமீதின் நிகழ்ச்சி. இலங்கை வானொலியில் வளர்ந்த அது பின்னர் சென்னைத் தொலைக்காட்சிக்கும், புலம்பெயர்ந்த தமிழர்களின் மேடைகளுக்கும் சென்றது.

அந்த நிகழ்ச்சியின் முக்கியமான பங்களிப்பு என நான் கருதுவது, எழுத்தை அறிவிக்க ஒரு நடுவரை நிறுத்தியது. தமிழறிந்த நடுவர் எழுத்தைச் சொல்லும்போது அது பாடக்கூடிய எழுத்தாக இருக்கும். ஈறு எங்கே விழுந்தது என்ற தகராறு அடங்கிவிடும். அக்ஷரசுலோகம் அடியின் முதலெழுத்தால் தீர்த்ததை, வானொலி ஒரு மனிதரின் தீர்ப்பால் தீர்த்தது. பெயரிலும் இந்த மாற்றம் தெரிகிறது. ‘அந்தாக்ஷரி’யில் அந்தமும் அக்ஷரமும் இருக்கின்றன. ‘பாட்டுக்குப் பாட்டு’ என்பதில் எழுத்து என்ற சொல்லே இல்லை. பூக்கூடை அம்மாளின் “கடைசி வார்த்தையவே எடுத்துக்குவோம்” என்ற விதி, இவ்விரண்டுக்கும் அப்பால், பழைய சீரந்தாதியின் பக்கம் நிற்கிறது. அவர் அதை எங்கிருந்து பெற்றார் என்று கேட்பதற்குள் என் நிலையம் வந்துவிட்டது. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆகவே பாட்டுக்குப் பாட்டு அந்தாதியின் நேர் வாரிசு என்பதையும், வடக்கின் நகல் என்பதையும் நான் ஏற்கவில்லை. விதி வெளியிலிருந்து வந்தது. தமிழின் மொழிமுதல் எழுத்துகள் அதை மறித்தன. மறித்த இடத்தில் ஆடியவர்களே புதிய விதிகளைச் செய்துகொண்டார்கள். அந்த விதிகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன; வாய்மொழியாக மட்டும் உயிர்வாழ்கின்றன. இப்போது கைப்பேசியில் தேடி எழுத்து வாரியாகப் பாட்டை எடுத்துவிடும் பிள்ளைகளுக்கு இந்த இணக்க விதிகள் தேவைப்படாமல் போகும் நாள் தொலைவில் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ‘ழ்’ வந்தால் எந்த எழுத்துக்குப் போவீர்கள், தொகையறாவை ஏற்பீர்களா, ‘து’வுக்குத் ‘தூ’ செல்லுமா என்பதை, யாரிடமிருந்து கற்றீர்கள், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்ற விவரத்தோடு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டு மூத்தவர்களை அடுத்த முறை பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.